எல்லம்மா சொன்ன பதில்

அத்தியாயம் 9

கருமாதி முடிந்த மறுநாள் காலை சுந்தரமூர்த்தி கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டான். மழித்த தலையில் தலைப்பாகை நிற்கவில்லை. வழுக்கி வழுக்கிக் காதுக்கு வந்தது. கடைசியில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான்.

வக்கீல் ஆதிகேசவனுக்கு ஆண் பிள்ளை கிடையாது. ஒரே மகள் தேவகி. அதனால் மாப்பிள்ளை சுந்தரமூர்த்திதான் கொள்ளி வைத்தான். பாலாற்று மணலில் நின்று நெருப்பை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தான். அதற்குப் பிறகு அவனுக்குள் எதுவும் சரியாக இறங்கவில்லை. யாராவது பேசினால் உதடு அசைவது தெரிந்தது. சோறு வாயில் போனது. தூக்கமும் வந்தது. அழுகைதான் வரவில்லை.

இந்த வீட்டு நிலவரம் நமக்குத் தெரிந்ததுதான். அரக்கோணத்திலிருந்து ஜூனியராக வந்த பையனுக்கு மகளைக் கொடுத்து வீட்டோடு வைத்துக்கொண்டவர் ஆதிகேசவன். தொழில் பிடிபட்டதும் அவரே அவனை வேறு வக்கீலிடம் அனுப்பினார். "என் பக்கத்துலயே நின்னா உன்னை யாரும் பாக்க மாட்டாங்க. கோதண்டராமன்கிட்ட போ. பெரிய பெரிய தோல் ஷாப்பு முதலாளிங்க கேஸெல்லாம் அவர்கிட்டதான் இருக்குது" என்றார்.

போன இடத்தில் வந்து சேர்ந்தது கிணற்றுக் கேஸ். ஆம்பூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். தோல் ஷாப்புக்காரர்கள் தோலை ஊறவைக்கச் சுண்ணாம்புக் குழி வெட்டிய பிறகு ஊர்க் கிணற்றுத் தண்ணீர் நாறிப்போய்விட்டது, குழியை மூட வேண்டும் என்று ஊரார் தாவா போட்டார்கள். ஊராருக்கு வக்கீல் மாமனார். தோல் ஷாப்புக்கு வக்கீல் கோதண்டராமன்; அவருக்குத் துணை மருமகன்.

"கேஸை விட்டுடட்டுமா மாமா?" என்று சுந்தரமூர்த்தி கேட்டபோது ஆதிகேசவன் சிரித்தார். "எதுக்கு? வூட்ல கேட்டதைக் கோர்ட்டுக்கு எடுத்துட்டுப் போகாதே. அவ்வளவுதான். மத்தபடி என்னை எதிர்த்துப் பேசறதுக்கு உன்னைவிட நல்ல ஆள் யாரு இருக்கான்?"

வழக்கு பாதியில் நிற்கும்போது அவர் மாரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ஜட்கா வண்டி வந்துடுச்சு" என்றாள் தேவகி.

இன்றைக்கு சப் கோர்ட்டில் இரங்கல் கூட்டம். ஆதிகேசவனின் மனைவி பட்டம்மாள் வெளியே போகக் கூடாத துக்க நேரம். அதனால் மகளைத்தான் அனுப்பினாள்.

"நான் வர முடியாது. அப்பாவைப் பத்தி இன்னா சொல்றாங்கன்னு நீ கேட்டுட்டு வந்து எனக்குச் சொல்லணும். ஒண்ணு விடாம சொல்லணும்."

"சரிம்மா."

தேவகியும் அழவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதைக் காதோடு காதாகப் பேசிக்கொண்டு போனார்கள். அவள் காதிலும் விழுந்தது. விழுந்து என்ன, அது வேறு யாரோ ஒரு பெண்ணைப் பற்றிய பேச்சு மாதிரி இருந்தது.

கோட்டை அகழியை ஒட்டி வண்டி போனது. ஆடிக் காற்று புழுதியை வாரி அடித்தது. அப்பா தினமும் போன வழி. அந்த வழியின் கடைசியில் என்ன இருக்கிறது என்று தேவகி ஒரு நாளும் பார்த்ததில்லை.

பழைய காரைக் கட்டடம். வராந்தா முழுக்க ஆட்கள். தூணோரத்தில் ஊரிலிருந்து வந்த ஒரு கூட்டம் குந்தியிருந்தது. அதில் ஒரு பெண்ணைத் தேவகிக்குத் தெரியும். எல்லம்மா. கிணற்றுக் கேஸில் சாட்சி. வாய்தாவுக்கு வரும்போதெல்லாம் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். தேவகியைக் கண்டதும் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

உள்ளே தேவகிக்கு ஓரமாக ஒரு நாற்காலி போட்டார்கள். ஜட்ஜ் எழுந்து இங்கிலீஷில் பேசினார். பெருந்தன்மை, நேர்மை, நாற்பது வருஷம். மிஷன் பள்ளிக்கூடத்துப் படிப்பில் அவளுக்கு முக்கால்வாசி புரிந்தது. அம்மாவிடம் சொல்வதற்காக ஒவ்வொரு வார்த்தையாக மனத்துக்குள் அடுக்கிக்கொண்டாள். கோதண்டராமனும் பேசினார். அழகாகவே பேசினார்.

கடைசியாக ஷபீ அஹமது எழுந்தார். ஆம்பூர்க்காரர். ஆதிகேசவனிடம் கடைசிவரை ஜூனியராக இருந்தவர். இங்கிலீஷில் ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்தில் நிறுத்தி, ஜட்ஜைப் பார்த்தார்.

"தமிழ்லயே சொல்லிடறேன். எனக்கு வேற வரலே."

ஜட்ஜ் தலையசைத்தார்.

"என் மொதல் கேஸ் தோத்துப்போச்சு. கட்சிக்காரன் வாணியம்பாடிப் பக்கம். தபால்ல தெரிவிச்சுடலாம்னு பேனாவை எடுத்தேன். ஐயா கையிலேர்ந்து புடுங்கிட்டாரு. 'ஜெயிச்சா தபால் போதும். தோத்தா நேர்ல போகணும்'னாரு. ரெண்டு பேரும் ரயில் ஏறினோம். அந்த ஆளு வூட்டு வாசல்ல நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள அவரே முந்திக்கிட்டாரு. 'தப்பு எங்க மேல'ன்னாரு. தப்பு என் மேல. அவரு மேல இல்லே. அன்னிக்கும் நான் அதைச் சொல்லலே. இன்னிக்கு..."

முடிக்காமல் உட்கார்ந்துவிட்டார்.

தேவகிக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்தது. சில நாள் அப்பா எங்கேயோ ரயிலில் போய்விட்டுக் காலெல்லாம் புழுதியாக வருவார். அம்மா ஒன்றும் கேட்காமல் தண்ணீர் எடுத்துக் கொடுப்பாள். அதெல்லாம் அவர் தோற்ற நாட்கள் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றார்கள்.

பிறகு ஜட்ஜ், "கிணற்றுத் தாவாவைத் தள்ளி வைக்கலாமா?" என்று கேட்டார்.

ஷபீ அஹமது தயங்கினார். "சாட்சி ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுட்டு வருது. ஐயா இருந்தா வாய்தா வாங்க மாட்டாரு. இன்னிக்கே நடக்கட்டும்."

எல்லம்மாவை ஆதிகேசவன் ஏற்கெனவே விசாரித்து முடித்திருந்தார். இனி எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணை செய்ய வேண்டியதுதான் பாக்கி. கோதண்டராமன் சுந்தரமூர்த்தியின் பக்கம் சாய்ந்தார்.

"நீ கேளு."

"நானா சார்?"

"இப்பதான் அவரைப் புகழ்ந்து பேசிட்டு உக்காந்தேன். உடனே எழுந்து அவரோட சாட்சியை உலுக்கினா நல்லாவா இருக்கும்? நீ வூட்டு மனுஷன். உன்னை யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

சுந்தரமூர்த்தி எழுந்தான். கூண்டில் எல்லம்மா நின்றாள். அவனை அடையாளம் கண்டு, பழக்கத்தில் பாதி சிரித்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள்.

"உங்க ஊர்க் கிணறு எந்தக் காலத்துது?"

"எங்க பாட்டன் காலத்துதுங்க சாமி."

"சுண்ணாம்புக் குழி வந்த பிறகுதான் தண்ணி கெட்டுதுன்னு சொல்றே."

"ஆமாங்க. வெள்ளையா நொரை கட்டுது. மாடுகூட வாய் வைக்கலே."

"அதுக்கு முன்னாடி?"

"எளநீர் மாதிரி இருந்துது."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேங்க."

இந்த இடத்தில் உட்கார்ந்திருக்கலாம். கோதண்டராமனே அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அடுத்த கேள்வி சுந்தரமூர்த்தியின் வாயில் தயாராக இருந்தது. எங்கிருந்து வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. யோசிப்பதற்கான இடமே அன்று அவனுக்குள் மரத்துக் கிடந்தது.

"குழி வெட்டறதுக்கு ரொம்ப முன்னாடி, ஒரு கோடையில அந்தத் தண்ணி உப்புக் கரிச்சு, நீங்க பக்கத்து ஊருக்குப் போய்த் தண்ணி சொமந்தது உண்டா இல்லியா?"

எல்லம்மா அவனைப் பார்த்தாள்.

நாற்காலியில் தேவகி நிமிர்ந்தாள். போன மாதம் ஒரு காலை வேளை. வீட்டுப் புழக்கடையில் அம்மா கிணற்றில் தண்ணீர் சேந்த, எல்லம்மா குடத்தைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள். "உங்க தண்ணி இனிப்பும்மா. எங்களுதும் இப்படித்தான். ஒரே ஒரு கோடையில மட்டும் உப்பாப் போச்சு, கல்லு மேடு தாண்டிப் போய் சொமந்தோம்." கணவர் அப்போது துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"கேக்கறது புரியுதா?" என்றார் ஜட்ஜ்.

"புரியுதுங்க." எல்லம்மாவின் குரல் இறங்கியிருந்தது. "உண்டுங்க. ஒரு கோடை."

கோதண்டராமன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஜட்ஜின் பேனா ஓடியது.

"அப்போ குழி கிடையாது. தோல் ஷாப்புத் தண்ணியும் கிடையாது. தானாவே கெட்டுப்போச்சு?"

"மழை பேஞ்சதும் சாமி, அது..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. தானாவே கெட்டுதா?"

"ஆமாங்க."

ஜட்ஜ் பேனாவை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "இதை முன்னாடியே ஏன் சொல்லலே?"

"யாரும் கேக்கலீங்க. ஒரு அம்மாகிட்ட மட்டும் சொன்னேன். சும்மா பேச்சுவாக்குல."

"எந்த அம்மா?"

எல்லம்மா கூண்டின் கட்டையைத் தடவினாள். தேவகி இருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை.

"அம்மான்னுதாங்க கூப்புடுவேன். பேரெல்லாம் கேட்டதில்லே."

ஜட்ஜ் அதற்கு மேல் தோண்டவில்லை. துக்க நாள், மறு விசாரணை இருந்தால் நாளைக் காலையில் வைத்துக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டார்.

கோதண்டராமன் சுந்தரமூர்த்தியின் முதுகில் தட்டினார். "பிரமாதம். ஆதிகேசவன் தயார் பண்ண ஆளுன்னு காட்டிட்டே." நாலு பேர் வந்து கையைக் குலுக்கினார்கள். குலுக்கிய கைகளெல்லாம் ஈரமாக இருந்தன. அல்லது அவன் கைதான் அப்படி இருந்ததோ என்னவோ.

வராந்தாவில் ஷபீ அஹமது வழியில் நின்றார்.

"மூர்த்தி, அது உனக்கு எப்படித் தெரியும்?"

ஷபீ அஹமது அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். என்ன புரிந்ததோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"போய் தண்ணி குடி. மூஞ்சியே நல்லா இல்லே."

திட்டியிருந்தால் தேவலை.

வெளியே ஜட்கா கிளம்பிக்கொண்டிருந்தது. தேவகி உள்ளே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் எல்லம்மா, மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். தேவகி கணவன் பக்கம் திரும்பவில்லை. வண்டிக்காரன், "ஐயா ஏறலியா?" என்றான்.

"அவரு அப்புறம் வருவாரு" என்றாள் தேவகி.

வீட்டில் பட்டம்மாள் கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். எல்லம்மா பின்பக்கமாகப் புழக்கடைக்குப் போனாள். தேவகி அம்மாவின் எதிரில் உட்கார்ந்தாள்.

"இன்னா சொன்னாங்க?"

தேவகி சொன்னாள். ஜட்ஜ் சொன்னதை, கோதண்டராமன் சொன்னதை, ஷபீ அஹமது சொன்னதை. வாணியம்பாடிக் கதை வந்ததும் பட்டம்மாள், "அதுக்கு அப்புறம் வந்து ரெண்டு நாள் சாப்பிடவே இல்லே" என்றாள். "எனக்கு வயித்து வலின்னு சொன்னாரு."

"நீ நம்பிட்டியா?"

"நம்பற மாதிரி இருந்தேன்."

அப்புறம் தேவகி கூண்டில் நடந்ததையும் சொன்னாள். ஒன்று விடாமல் சொல்லச் சொல்லித்தானே அம்மா அனுப்பியிருந்தாள்? குரலில் ஏற்ற இறக்கம் எதுவும் இல்லை. ஜட்ஜின் பேச்சைச் சொன்ன மாதிரியே இதையும் சொல்லி முடித்தாள்.

பட்டம்மாள் புழக்கடைப் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் பேச்சைக் குடுத்தேன்" என்றாள். "தண்ணி எப்படி இருக்குதுன்னு நான்தான் கேட்டேன்."

"நீ இன்னா பண்ணுவே?"

"எல்லம்மாவுக்கு சோறு போடு. பசியோட இருப்பா."

பொழுது சாயும் நேரத்துக்கு சுந்தரமூர்த்தி வந்தான். அதுவரை அகழிச் சுவர்மேல் உட்கார்ந்திருந்தான். கூடத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் கால் கழுவப் புழக்கடைக்குப் போனவன், அங்கே எல்லம்மாவைக் கண்டு நின்றான். அவள் இலையை எறிந்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்லம்மா."

"சோறு துன்னுட்டேன் சாமி."

"நான் கேட்டது..."

"நெஜத்தைத்தானே கேட்டீங்க. கூண்டுல ஏறுன அன்னிக்கே பெரிய ஐயா சொன்னாரு, இன்னா கேட்டாலும் பொய் சொல்லாதேன்னு. நான் சொல்லலே." முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஆனா அம்மாகிட்ட பேசினா அது வக்கீல்கிட்ட பேசினதா ஆகும்னு எனக்குத் தெரியாமப் போச்சு."

கோபமே இல்லாத குரல். ஊருக்குப் போய் என்ன சொல்வது என்ற பயம் மட்டும் அதில் இருந்தது.

வாசலில் ஷபீ அஹமதுவின் குரல் கேட்டது. பட்டம்மாள் புழக்கடை நிலைவரை வந்து நின்றாள். இத்தனை வருஷத்தில் மாப்பிள்ளையிடம் அவள் இது வேண்டுமா அது வேண்டுமா என்று கேட்டிருக்கிறாளே தவிர, இதைச் செய்யுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

"மாப்பிள்ளே. ஷபீ தம்பி வந்திருக்குது. நாளைக்கு விசாரணைக்காக எல்லம்மாகிட்ட பேசணுமாம்."

"பேசட்டும் அத்தை."

"நீங்க கொஞ்ச நேரம் வெளியில இருந்துட்டு வாங்க."

அவன் தலையசைத்தான். கூடத்தைக் கடக்கும்போது ஷபீ அஹமது எழுந்து நின்று வழிவிட்டார். செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

எங்கே போவது என்று தெரியவில்லை. எதிர்ச்சாரி வேப்ப மரத்தடியில் போய் நின்றான்.

அந்த நேரத்தில்தான் அந்த ஆள் வந்தான். அமிர்திக் காட்டுப் பக்கத்து ஆள் என்று பார்த்தாலே தெரிந்தது. வெகுதூரம் நடந்து வந்த கால். கையில் ஒரு தட்டைத் துணியால் மூடிப் பிடித்திருந்தான். வீட்டைப் பார்த்து, சாத்திய கதவைப் பார்த்து, இவனிடம் வந்தான்.

"வக்கீல் ஐயா வூடு இதானே?"

"இதுதான்."

"கதவு சாத்தியிருக்குது. எப்பவும் சாத்த மாட்டாரே. ஐயா வெளியூருங்களா?"

சுந்தரமூர்த்தி சாத்திய கதவைப் பார்த்தான்.

"பொண்ணுக்குக் கல்யாணம் வச்சிருக்கிறேன்" என்றான் அந்த ஆள். "மொதத் தாம்பூலம் ஐயாவுக்குத்தான். பாரஸ்ட் கேஸ்ல என்னை ஜெயில்ல போட்டப்ப மாசாமாசம் வந்து பாத்தாரு. கேஸு தோத்துப்போச்சு. ஆனாலும் வந்தாரு. நீங்க ஐயாவுக்கு இன்னா வேணும்?"

"மருமவன்."

"அப்படியா சாமி!" அந்த ஆள் அவசரமாகத் தட்டின் மேல் துணியை விலக்கினான். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒரு சீசாவில் தேன். "எப்ப வருவாரு? வர்ற வரைக்கும் உக்காந்திருக்கிறேன்."

இத்தனை நாளும் அதைச் சொல்லும் வேலை சுந்தரமூர்த்திக்கு வரவில்லை. தந்தியை யாரோ கொடுத்தார்கள். ஊருக்கு யாரோ ஆள் அனுப்பினார்கள். பத்திரிகைக்கு யாரோ எழுதினார்கள். அவன் சடங்குகளைச் செய்தான், அவ்வளவுதான்.

"மாமா செத்துட்டாரு" என்றான்.

அந்த ஆளுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை, என்றைக்கு என்பதையும் சேர்த்துச் சொன்னான். அந்த ஆள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வேர் மேல் உட்கார்ந்து, வாய்விட்டு அழ ஆரம்பித்தான். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி அவன் தோளைத் தொட்டான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான்.

அழுகைச் சத்தம் கேட்டுக் கதவு திறந்தது. தேவகி தெருவைக் கடந்து வந்தாள். தட்டைப் பார்த்ததும் அவளுக்கு விளங்கிவிட்டது.

"உள்ள வாங்க" என்றாள் அந்த ஆளிடம். "அம்மா இருக்காங்க. தாம்பூலத்தை அவங்ககிட்ட குடுங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். தேவகி அவனை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு அங்கேயே நின்றாள். சுந்தரமூர்த்தி படிக்குக் கீழே வந்தான்.

"நாளைக்கு ஜட்ஜ்கிட்ட சொல்லப் போறேன்."

"இன்னான்னு?"

"அதை எங்கே கேட்டேன்னு."

தேவகி அவனைப் பார்த்தாள். காலையிலிருந்து இப்போதுதான் முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"சொன்னா உங்க வக்கீல் சன்னதைப் புடுங்கிடுவாங்க. இல்லியா?"

"புடுங்கலாம்."

"கேஸ் திரும்புமா?"

"தெரியலே. பதில் பதிவாயிடுச்சு."

"கோதண்டராமன் சும்மா விடுவாரா?"

"விட மாட்டாரு."

உள்ளே ஷபீ அஹமது ஏதோ கேட்பதும், எல்லம்மா மெல்லப் பதில் சொல்வதும், நடுவில் அந்தக் காட்டு ஆளின் விசும்பலும் கேட்டன. தேவகி கொஞ்ச நேரம் அதைக் காது கொடுத்துக் கேட்டாள்.

"அவங்க இன்னும் பேசி முடிக்கலே" என்றாள். "முடிஞ்சதும் கூப்பிடறேன்."

கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்குமென்று அவன் படியிலேயே காத்து நின்றான். கேட்கவில்லை.